ரேங்க் கார்டில் என் கட்டைவிரல்

எங்கள் பள்ளியில் தலையில் பூ வைக்கக் கூடாது. எல்லாப் பூவுக்கும் தடைதான் என்றாலும் டிசம்பர் பூவுக்கென்று காலை அசெம்பிளியில் தனியாக ஓர் அறிவிப்பு வரும். ஏற்காட்டில் அந்த மாதத்தில் அது வேலிக்கு வேலி பூத்துக் கிடக்கும், வழியில் பறித்துச் சொருகாமல் எந்தப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்கும்? நாங்கள் வைத்துக்கொண்டுதான் வருவோம். கேட் பக்கம் வந்ததும் எடுத்து ஸ்வெட்டர் கைக்குள் தள்ளிக்கொள்வோம். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் வதங்கிப் போயிருக்கும். அதையும் விடாமல் சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் வைத்துக்கொள்வோம்.

காப்பித் தோட்டத்துக்குள் குறுக்கே நடந்து வரக் கூடாது, காட்டு மாடு நிற்கும், தார் ரோட்டில்தான் வர வேண்டும் என்பது இன்னொரு விதி. கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வருகிற நாங்கள் ரோட்டைச் சுற்றினால் பிரேயர் முடிந்துதான் போய்ச் சேர முடியும். பாவாடை ஓரத்துச் சேறு எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும், முட்டி போடுவோம். வகுப்பில் கொய்யாப்பழம் தின்றது, லீவு லெட்டரில் மாதம் ஒரு முறை வராத காய்ச்சலை வரவழைத்தது, இதெல்லாம் உண்டு. இன்றைக்குக் கூடப் படித்தவள் யாராவது சேலம் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அது விதிகளிலேயே சின்ன விதி. ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்து வாங்கி மறுநாள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரத்தில் கிளை கழிக்க ஏறியவர் விழுந்துவிட்டார் என்று சொல்வார்கள். அம்மா அதே எஸ்டேட்டில், அதே லைன் வீட்டில் இருந்து என்னை வளர்த்தாள். காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். ‘எம்புள்ள இந்தச் சாக்கக் கட்டக் கூடாதுங்க’ என்பதை அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவரவர் பிள்ளையைப் பற்றி அவரவரும் சொல்கிற பேச்சுதான் அது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் முதல் தேர்வுக்குக் கார்டு கொடுத்தபோது, அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனாள். மை டப்பா அங்கேதான் இருந்தது.

“ஏனுங்க ரைட்டரய்யா, புள்ள கார்டுல ரேகை வெக்கோணுமுங்க. கொஞ்சம் மை குடுங்க.”

ரைட்டர் கார்டை வாங்கிப் பார்த்தார். கணக்கில் இருபத்தெட்டு. சிவப்பு மையில் சுழித்திருந்தது. “கணக்குல போயிருச்சே கண்ணு” என்று அங்கே நின்றுகொண்டிருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். அவர் நல்ல மனிதர்தான், கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் காது மடல் எரிந்தது. அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி, கார்டில் வைத்து, தலையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் கார்டுகளைத் திரும்ப வாங்கும்போது என் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டாள். “ஐய, கைநாட்டு!” என்றாள். அவள் அப்பா தபால் ஆபீஸில் வேலை செய்தவர். அவருடைய கையெழுத்து அடியில் இரண்டு கோடு இழுத்து, புள்ளி வைத்து முடியும். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குக் கைநாட்டு என்றுதான் பெயர்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம், கோபமும் அதிகம். அந்தக் கோபத்தைக் கேலி செய்தவளிடம் காட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். “எல்லார் ஊட்லயும் கையெழுத்துப் போடறாங்க. நீ ஒருத்திதான் இப்பிடி. நாலு எழுத்துப் பேர எழுதத் தெரியாதா ஒரு ஆளுக்கு?” என்றேன். அம்மா அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதை நிறுத்தவில்லை. “தெரியாதே கண்ணு, நான் என்ன பண்ணட்டும்” என்றாள்.

அடுத்த தேர்வுக்குக் கார்டு வந்தபோது நான் அதை அவளிடம் கொடுக்கவே இல்லை. மற்ற பெண்கள் அப்பாவின் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டுப் பழகுவார்கள், பார்த்திருக்கிறேன். எனக்கு அதற்கும் வழி இல்லை. முதல் கட்டத்தில் ரேகை இருக்கிறதே, இரண்டாவதில் திடீரென்று கையெழுத்து எப்படி வரும்? பொய்யிலும் எனக்குக் கைநாட்டுதான் வாய்த்தது. பேனா ரீஃபில்லைக் கடித்து, மையைக் கட்டைவிரலில் ஊதித் தேய்த்து, பள்ளிக் கக்கூஸில் நின்றுகொண்டு அம்மாவின் இடத்தில் என் விரலை வைத்தேன். டீச்சர் பார்க்கக்கூட இல்லை. வாங்கி அடுக்கிவிட்டார்.

அவ்வளவு சுலபமாக இருந்ததால் அது வழக்கமாகிவிட்டது. ஒன்பதாவது முடிந்து பத்தாவதுக்குப் புதுக் கார்டு வந்தது. அதில் ஐந்து கட்டத்திலும் என் விரல்தான்.

இடையில் அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். “கண்ணு, கார்டு குடுத்தாங்களா?” ஒரு மாதம் போனால் மறுபடியும் கேட்பாள். “இந்தத் தடவையாச்சும் குடுத்தாங்களா?” என் மார்க்கை நோட்டம் விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, “இப்பல்லாம் கார்ட ஊட்டுக்கு உடறதில்லம்மா, டீச்சரே வெச்சுக்கறாங்க” என்று புளுகினேன். “அப்பிடியா?” என்பாள். அந்த அப்பிடியாவில் ஏமாற்றம் இருந்ததை இப்போதுதான் காது கேட்கிறது. அப்போது என் காதில் என் புளுகு எடுபட்டதா என்பது மட்டும்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனவள் ஒரு நாள் நீல நிறப் பேனா ஒன்று வாங்கி வந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். என் பேனா தீர்ந்துபோன அவசரத்தில் நான் அதை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

“அத வெச்சுரு சாமி. உனக்கு வேற வாங்கித் தாரேன். அது எனக்கு வேணும்.”

“உனக்கெதுக்கும்மா பேனா?” என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். ஆனால் கையை நீட்டி வாங்கித் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

பத்தாவதில் அரையாண்டு முடிந்து, பொங்கலும் முடிந்து, பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போய்க்கொண்டிருந்த நேரம். கணக்குக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர் என் கார்டை வெகு நேரம் பார்த்தார். கட்டைவிரலில் மைக்கறை இருந்த என் கையையும் பார்த்தார். அன்று மத்தியானமே தலைமையாசிரியை சிஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா.”

எதற்கென்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் அப்பா கையெழுத்தைப் போட்டு மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பியதைப் பள்ளியே பார்த்திருந்தது. அந்தப் பெண் வாழவந்திப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எனக்கும் அதுதான். ஹால் டிக்கெட் வராது, பத்தாவது எழுத முடியாது, சாக்குத்தான்.

சாயங்காலம் அம்மாவிடம், “சிஸ்டர் உன்ன வரச் சொன்னாங்க” என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“கார்டுல கையெழுத்துக்கா கண்ணு?”

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். “ஆமா” என்றேன்.

பறிப்பு மும்முரமாக நடக்கிற காலத்தில் மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டாள். காலையில் எண்ணெய் வைத்துத் தலை வாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டினாள். விரல் இடுக்கில் பழச்சாறு கறுத்திருந்ததை எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்தாள். போகாத கறையை மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள். “போதும்மா, நேரமாச்சு” என்று சிடுசிடுத்தேன்.

தோட்டத்துக் குறுக்கு வழியிலேயே நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். எனக்குக் கால் எழவில்லை. அவளோ வேகவேகமாகப் போனாள். நடுவில் ஒரு முறை நின்று திரும்பி, “ஏங்கண்ணு, அதுல கோடு போட்டிருக்குமா? கோட்டு மேல போடோணுமா, கோட்டுக்குக் கீழயா?” என்று கேட்டாள்.

“எங்கயோ வெய்யி. யாரு பாக்கப் போறா” என்றேன்.

சிஸ்டர் அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. சுருக்குப்பையைப் பிரித்து எதையோ கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, அந்த நீலப் பேனா. சிஸ்டர் கார்டைத் திறந்து மேஜையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இந்த அஞ்சு ரேகையும் நீங்க வெச்சதாம்மா?”

அம்மா குனிந்து பார்த்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து நீல விரல்கள். அவள் கண்ணிலேயே படாத கார்டு. டீச்சரே வைத்துக்கொள்கிறார் என்று நான் சொன்ன கார்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை, அழுகிற பார்வையும் இல்லை. காட்டுப் பாதையில் வழி பிசகிவிட்டதா என்று நின்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆமாங்க சிஸ்டர். நாந்தானுங்க வெச்சேன்.”

“நெஜமாவா?”

“என்ர புள்ள பொய் சொல்லாதுங்க.”

“உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?”

அம்மாவின் கை முந்தானைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் பேனா இல்லை.

“எனக்கெங்கீங்க அதெல்லாம். தோட்டத்து சனமுங்க நாங்க.”

சிஸ்டர் மை டப்பாவைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளையும் நகர்த்தினார். அம்மா கட்டைவிரலை அழுத்தித் தாளில் வைத்தாள். எடுக்கும்போது கொஞ்சம் இழுத்துவிட்டாள். ரேகை கலங்கி, ஒரு கோடும் தெரியாமல் வெறும் மைத்திட்டாகிவிட்டது. “காப்பி பறிச்சுப் பறிச்சுக் கையில ரேகையே இல்லீங்க” என்றாள். சிஸ்டர் அந்தத் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கார்டை மூடி, “கிளாஸுக்குப் போ. கணக்க ஒழுங்காப் படி” என்றார்.

தப்பித்தோம் என்ற நிம்மதியில் எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. மத்தியானம் கூடப் படித்தவளோடு கொய்யாப்பழம் தின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்து உட்கார்ந்திருந்தபோது, எஸ்டேட் கிரச்சில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா மூச்சிரைக்க வந்தாள். எட்டாவது வரை படித்தவள். என்னைத் தாண்டி நேரே அம்மாவிடம் போனாள்.

“என்னக்கா, போட்டீங்களா? சிஸ்டரு என்ன சொன்னாங்க?”

அம்மா விறகை உள்ளே தள்ளிக்கொண்டே, “பேனா எழுதலீங்கம்மணி. மை காஞ்சு போச்சாட்ட இருக்குது” என்றாள்.

“அடக் கடவுளே! ஒரு வருசமாப் பழகி, பேனா எழுதலயா? சிஸ்டருகிட்ட ஒண்ணு கேக்கறதுதான?”

“கேக்கத் தோணலீங்க. உடுங்க.”

கோட்டு மேலா, கோட்டுக்குக் கீழா என்று அவள் ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கயோ வெய்யி என்று சொன்ன என் வாயை என்ன செய்வது? அக்கா போன பிறகு, “அம்மா” என்றேன். “படி சாமி, பரீச்ச வருது” என்றாள். வேறு பேச்சே எடுக்கவிடவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகிற வழியில் கிரச்சுக்குப் போனேன். உள்சுவரில் பிள்ளைகள் கிறுக்குகிற உயரத்தில், ஜன்னலுக்குக் கீழே, கரியால் அம்மாவின் பெயர். ஒன்றிரண்டல்ல, சுவர் நெடுக. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, தரையில் உட்கார்ந்து எழுதுவாள் என்று அக்கா சொன்னாள். மேலே இருந்தவற்றில் இரண்டாவது எழுத்து திரும்பிப் படுத்திருந்தது. நாலாவது எழுத்துக்குக் கொம்பு இல்லை. கீழே வர வரச் சரியாகிக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் ஒரு தப்பும் இல்லை. “கார்டுல போட்டு எம்புள்ளைக்கு நொம்பப் பெருமையாப் பண்ணிக் காட்டோணும்னு சொல்லுவாங்க” என்றாள் அக்கா. நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள்.

பத்தாவது பாஸ் செய்தேன், கணக்கில் நாற்பத்தொன்று. அதே பள்ளியில் பதினொன்றாவது சேர விண்ணப்பம் கொடுத்தபோது அம்மாவிடம் பேனாவை நீட்டினேன். “இதுல கையெழுத்துப் போடும்மா” என்றேன்.

“வேண்டாஞ்சாமி. இப்பப் போட்டா, அப்ப ஏன் தெரியாதுன்னு சொன்னேன்னு கேப்பாங்க. முன்ன வெச்சதெல்லாம் ஏதுன்னு தோண்டுவாங்க. உம்படிப்புக்கு எதுக்குப் பொல்லாப்பு?” என்று கட்டைவிரலை நீட்டினாள்.

அப்படியே இரண்டு வருஷம். ஒவ்வொரு கார்டையும் நானே அவள் கையில் கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் ரேகை வைத்தாள். பிறகு நான் கல்லூரிக்காக மலையிறங்கிவிட்டேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. அவள் கையெழுத்துக் கேட்கிற தாள் எதுவும் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வரவில்லை. மன்னிச்சுக்கோம்மா என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் மலை ஏறும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். போனதும் அவள் தட்டை வைத்துவிடுவாள், நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

போன வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று குப்பனூர் வழியாகச் சேலத்துக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார்.

“ஏனுங்கம்மா, கையெழுத்தா, கைநாட்டா?”

அம்மா என்னைப் பார்த்தாள். சிஸ்டர் அறையில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை நான் குனியவில்லை.

“கையெழுத்து” என்றேன். “எங்கம்மா கையெழுத்துப் போடுவாங்க.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தலையணையைத் தூக்கி வைத்து உட்காரவைத்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு, “கோட்டு மேல தானுங்க?” என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டாள். முதல் எழுத்து வந்தது. வெகு நேரம் கழித்து இரண்டாவதும் வந்தது, திரும்பிப் படுக்காமல் சரியாகவே வந்தது. அதோடு பேனா நின்றுவிட்டது.

“மூணாவது வர மாட்டேங்குது கண்ணு. இத்தன வருசமாச்சா, கை மறந்து போச்சு.”

“மெதுவா யோசிம்மா” என்றேன். வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஆள் வந்து நின்றார். “தியேட்டர்ல கூப்பிடறாங்க, ரேகையே வெச்சுருங்கம்மா, பரவால்ல” என்று நர்ஸ் நல்லபடியாகத்தான் சொன்னார். அந்த இரண்டு எழுத்தின் மேலும் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு மை டப்பாவைத் திறந்தார். அம்மா விரலை நீட்டினாள். வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி தலையில் தேய்க்கப் போனாள். நான் பிடித்துத் துடைத்துவிட்டேன்.

ரேகை வைத்தால் அது இன்னாருடையது என்று பக்கத்தில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி. நர்ஸ் படிவத்தை என்னிடம் தந்தார். ‘இது என் தாயாரின் இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அவளுக்கு எழுதத் தெரியும் என்று அந்தப் படிவத்தில் எழுத இடம் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் காகிதம் எதிலும் அது இல்லை. இங்கே எழுதுகிறேன்: எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.